கூலிங் கிளாஸும் சாத்துக்குடியும்

போன வாரம் மரக்காணத்தில் ஒரு கன்னியர் மடத்துக்குப் போயிருந்தேன். உட்கார்ந்ததும் சாத்துக்குடி ஜூஸ் வந்தது. குடித்தேன். இன்னொரு டம்ளர் வந்தது. 'போதும்' என்றால் யார் கேட்கிறார்கள்?

"குடிங்க சார், வீணாப் போவுது" என்றார் எலிசா சிஸ்டர். மூலையில் பை பையாகச் சாத்துக்குடி, பக்கத்தில் பிரெட் பாக்கெட்டுகள். இது மடமா, பழக்கடையா?

விஷயம் இதுதான். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்காக இந்த சிஸ்டர்கள் ரொம்ப நாளாக அலைகிறார்கள். வெயிலில் உப்பைப் பார்த்தால் கண் அப்படிக் கூசும். அதிலேயே வருஷக்கணக்காக நிற்கும் செல்விக்குப் பார்வை மங்க ஆரம்பித்துவிட்டது. இப்படியே விட்டால் கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிழலுக்கு ஒரு ஷெட், எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி - இதைக் கேட்கப் போனால் முதலாளி எப்போதும் 'வெளியூர்'. கார் மட்டும் வாசலிலேயே நிற்கும்.

சரி, கண்ணாடியாவது நாமே கொடுப்போம் என்று மடத்துச் செலவில் வாங்கினார்கள். முதல் கண்ணாடி செல்விக்கு. அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்... வந்தது வினை. நம் பக்கம் ஒரு பெண் கறுப்புக் கண்ணாடி போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தானே? கண் ஆபரேஷன். தெருவே சாத்துக்குடியும் பிரெட்டுமாக வந்து நின்றது.

"எந்தக் கண்ணும்மா?"

"எந்தக் கண்ணும் இல்லக்கா. சும்மா போட்டிருக்கேன்."

"சும்மா போட நீ இன்னா சினிமாவுலயா நடிக்கிற?"

மறுநாள் கண்ணாடி பீரோவுக்குள் போய்விட்டது. மற்ற பெண்கள் கையால் தொடவே மறுத்துவிட்டார்கள்.

எலிசா சிஸ்டருக்கு வந்ததே கோபம். "நான் போட்டுக்கறேன், யாரு கேக்கறாங்க பாக்கலாம்" என்று வெள்ளை அங்கி, முக்காடு, கூலிங் கிளாஸ் சகிதம் நாள் முழுக்க உப்பளத்தில் அவர்களோடு நின்றார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. சாயந்திரம் ஊர்க்காரர்கள் நேராக மடத்துக்கே சாத்துக்குடியோடு வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க செல்வியும் கூட்டாளிகளும் ஆஜர். கடைசியாக யார் வந்தது தெரியுமா? ஆப்பிள் பையோடு முதலாளி! போகாவிட்டால் ஊர் என்ன பேசும்?

"எப்படி இருக்கீங்க சிஸ்டர்? ஆபரேஷன்னாங்க..."

"ஆபரேஷன்லாம் இல்லீங்க. உங்க உப்பளத்துல ஒரு நாள் நின்னேன். கண்ணாடி போட்டுமே கண்ணு எரியுது. இவங்க வெறுங்கண்ணோட தினமும் நிக்கறாங்க."

அறை முழுக்க ஆள். கையில் ஆப்பிளை வைத்துக்கொண்டு மனுஷன் எந்த வெளியூருக்குப் போவார்? ஷெட்டுக்கும் கண்ணாடிக்கும் அங்கேயே தலையாட்டினார்.

நியாயம் கேட்டு யாராவது வந்தால் நமக்கு உடனே ஆயிரம் வேலை வந்துவிடும். உடம்பு சரியில்லை என்றால் பழத்தோடு ஓடுவோம். நாம் கெட்டவர்கள் இல்லை... நல்லவர்களாக இருக்க நமக்கு ஒரு பேஷன்ட் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

"அதான் முடிஞ்சிபோச்சே, இன்னும் ஏன் பழம் வருது?" என்றேன்.

"பக்கத்துல கிளியனூருக்கு ஆபரேஷன் சேதி நேத்துதான் போயிருக்குது சார்."

திரும்பும்போது உப்பளத்தில் இறங்கினேன். ஷெட் தயார். எல்லோர் முகத்திலும் கண்ணாடி. பார்க்கவே எனக்கு அவ்வளவு சந்தோஷம். எப்படி இருக்கிறது என்று செல்வியிடம் கேட்டேன்.

"கண்ணுக்கு நல்லாத்தான் இருக்குது சார். ஆனா இப்ப எல்லாரும் போட்டுட்டோம்ல... ஒருத்தரும் ஒரு பழம் வாங்கிட்டு வர மாட்டேங்கறாங்க."

சிஸ்டர் என் தலையில் கட்டியிருந்த சாத்துக்குடிப் பையை மரியாதையாக அவரிடம் நீட்டிவிட்டேன்.