மீன் தின்னாதவன் வைத்த தூண்டில் கடை

தூண்டில் வாங்க வருகிறவர்களில் மீனுக்காக வருகிறவர்கள் மிகவும் கொஞ்சம். சிலர் வீட்டுச் சண்டையிலிருந்து தப்பிக்க வருவார்கள். சிலர் கம்பின் வழவழப்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் போக வருவார்கள். சாரல் நாளில் மழைக்கு ஒதுங்கியவர்களும் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ரீல் என்ன விலை என்று கேட்டு வைப்பார்கள். என்ன கடையாக இருந்தாலும் சரி, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும்.

உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில் தென்காசியில், குற்றாலம் போகிற ரோட்டில், எனக்கு அப்படி ஒரு கடை இருந்தது. கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. சென்னையில் வெள்ளைக்காரர்களுக்குத் துப்பாக்கியும் தூண்டிலும் விற்கிற ஒரு கடையில் குமாஸ்தாவாக இருந்து தொழிலைப் படித்துக்கொண்டு வந்தேன். மலைக்கு அந்தப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் துரைமார்களையும், சாரலுக்குக் குற்றாலம் வந்து தங்குகிற உத்தியோகஸ்தர்களையும் நம்பித்தான் கடை போட்டேன். அவர்கள் புழு குத்தி மீன் பிடிக்க மாட்டார்கள். இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி ஈ மாதிரி கட்டி, அதைத் தண்ணீர்மேல் வீசி மீனை ஏமாற்றுவார்கள். அந்த ஈ, அதை வீசுகிற கம்பு, கயிறு சுற்றுகிற ரீல், பட்டுக் கயிறு, ஏறி உட்காரப் படகு எல்லாம் என்னிடம் கிடைக்கும். ஒரே ஒரு சங்கடம், நாங்கள் சைவக் குடும்பம். மீன் என்ன ருசி என்று என் பரம்பரையில் ஒருவருக்கும் தெரியாது.

மாமனார் வைத்த கெடு

என் மாமனாருக்கு ஆய்க்குடிப் பக்கம் வயலும் தோப்பும் உண்டு. பூஜை முடியாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அப்பேர்ப்பட்டவரிடம் யாரோ போய், உங்கள் மாப்பிள்ளை மீன் கடை திறந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். மனுஷர் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். கவிச்சி அடிக்கவில்லை. அதில் அவருக்குக் கோபம் கூடத்தான் செய்தது, தயார் பண்ணிக்கொண்டு வந்த பேச்சில் பாதி வீணாய்ப் போய்விட்டதல்லவா.

இங்கே புழுவும் கிடையாது, மீனும் கிடையாது, இறகும் நூலும்தான் என்று நான் விளக்கினேன். கயிற்றின் நுனியில் கட்டுகிற நரம்புச் சுருள் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இது எதில் செய்தது என்று கேட்டார். பட்டுப்புழுவின் குடலை இழுத்துக் காயவைத்துச் செய்கிற நரம்பு அது. பட்டு, மாமா என்றேன். பூஜைக்குப் பட்டு கட்டுகிறவர், அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் வண்டியில் ஏறுமுன் என் மனைவி செண்பகத்தையும் ஒரு பார்வை பார்த்து, என்னையும் ஒரு பார்வை பார்த்து, தீர்ப்பைச் சொன்னார்: "சாரல் முடியதுக்குள்ள கடைய ஏறக்கட்டிரும் மாப்பிள. இல்லன்னா எம் மவள நான் கூட்டிட்டுப் போயிருதேன். நீரு மீனோட குடும்பம் நடத்தும்."

மலைப்படியில் கிடைத்த ஈ

அவர் சொன்னால் செய்கிறவர். மூத்த மகளை அப்படித்தான் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய், அந்த மாப்பிள்ளை சீட்டாட்டத்தை விட்ட பிறகுதான் திருப்பி அனுப்பினார். செண்பகம் இல்லாத வீட்டை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையை மூடுவதை நினைத்தாலும் இறங்கவில்லை. கல்யாணமான ஆண்பிள்ளைகளுக்கு இந்த நிலைமையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

செண்பகம் என்னைவிடத் தைரியசாலி. சீமையிலிருந்து வருகிற ஈயில் கோழி இறகு இருக்கிறது, அப்பாவுக்கு உறுத்துவது அதுதான், கோழியே இல்லாமல் கட்டினால் என்ன என்று கேட்டாள். பண்பொழி மலை முருகனைக் கும்பிடப் போனவள், படியோரம் மயில் உதிர்த்துவிட்டுப் போன இறகுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு வந்தாள். பூக்கட்டிப் பழகின விரல்கள். மயிலிறகின் இழையை முள்ளில் சுற்றிப் பட்டு நூலால் இறுக்கினாள். பளபளப்பு போதவில்லை என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பீரோவைத் திறந்து, தலைதீபாவளிக்கு அவள் அப்பா எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டின் முந்தியிலிருந்து ஒரு சரிகை இழையை உருவிவிட்டாள். நான் பதறிப் போய்க் கையைப் பிடித்தேன். அவள் சுற்றி முடித்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்து, ஈயை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "முருகன் மயிலு, எங்கப்பா சரிகை. இதவிடச் சைவமா ஒரு ஈ எங்கயாச்சும் உண்டுமா அத்தான்?"

மேலே இழுக்கிற மீன்

போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் கடைக்கு வந்து ரீல்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். இழுபடும் கயிற்றுக்குத் தடை எவ்வளவு, கயிறு எவ்வளவு பிடிக்கும், ஓடும்போது சத்தம் வருமா என்று அவர் விசாரித்த தினுசில், இத்தனை காலமும் எந்த ஆற்றங்கரையில் இருந்தார் இவர் என்று எனக்கு மரியாதை வந்துவிட்டது. இருப்பதிலேயே உசத்தியான ரீலை எடுத்துக் கொடுத்து, பட்டுக் கயிறு நனையாமல் மிதக்க அதற்கு மெழுகு தடவும் விதமும் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் வானத்தில் ஒரு பெரிய பட்டம் நின்றது. கயிற்றின் இந்த முனையில் ஏட்டையாவும் என் ரீலும். நான் வாயைத் திறக்கும் முன்னே அவர் முந்திக்கொண்டார்: "மீனு கீழ இழுக்கும், பட்டம் மேல இழுக்கும். ரீலுக்கு என்னவே தெரியும்?"

வக்கீல் வாங்கிய வள்ளம்

படகு விஷயத்தில் நான் எல்லோரிடமும் ஒரே பாட்டுத்தான் பாடுவேன். எங்கள் சிற்றாறு சாரல் நாளில் பாறையும் நுரையுமாகப் போகும், கோடையில் மணலாகக் கிடக்கும். இதற்கு அடி தட்டையாக, இரண்டு பேர் தூக்கிக் கல்லைத் தாண்டி வைக்கிற கனத்தில், சின்னதாக ஒன்று போதும். நீளம் அதிகமானால் திரும்பாது. அடி கூர்மையானால் கல்லில் உட்கார்ந்துகொள்ளும், பிறகு தெய்வம் வந்துதான் கிளப்ப வேண்டும்.

எங்கள் ஊர் வக்கீல் ஒருவருக்கும் இதையெல்லாம் சொன்னேன். கோர்ட்டில் எதிர்க்கட்சி பேசும்போது கேட்கிற மாதிரியே கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஆலப்புழைக்கு எழுதி ஒரு நீள வள்ளத்தை வரவழைத்தார். கொல்லத்திலிருந்து கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கியது. முன்னால் ஒரு மாட்டுவண்டி, பின்னால் ஒரு மாட்டுவண்டி, நடுவில் அந்த வள்ளம், பின்னால் பாதித் தென்காசி. பங்குனி மாசம். குளத்தில் மண் வெடித்துக் கிடந்தது, வெள்ளாடு மேய்ந்துகொண்டிருந்தது. வக்கீல் மனம் தளரவில்லை. குளத்துக்கு நடுவே அதை இறக்கி வைத்து, குடையை விரித்துக்கொண்டு அதில் உட்கார்ந்து, எனக்கு ஆள் விட்டார். போனேன். வெகு சாந்தமாகச் சொன்னார்: "வள்ளத்த நான் கொண்டாந்துட்டேன். தண்ணிக்கு நீங்கதான பொறுப்பு?"

புன்னைக்காயலில் ஒரு விளையாட்டு

செண்பகம் கட்டிய ஈயை முதலில் வாங்கியவர் ஓர் எஸ்டேட் துரை. உயரமான ஆள், புகையிலை அடைத்த சுங்கான் பிடிப்பார், எல்லோரிடமும் மரியாதையாக ஓட்டைத் தமிழில் பேசுவார். வாங்கிப் போன ஈயெல்லாம் மீன் கடித்தே தேய்ந்துவிட்டது என்று அடுத்த வாரமே வந்து நின்றார். கடல் தண்ணீரிலும் இதை வீசிப் பார்க்க ஆசை, சாமான் எடுத்துக்கொண்டு கூட வா என்றார். ஆற்று ரீல் உப்பில் நனைந்தால் மறுநாள் சுற்றாது, முனகும். அதனால் நல்ல பித்தளை ரீலாகப் பார்த்து, எண்ணெய் போட்டு, கயிறும் கூடுதலாகச் சுற்றி எடுத்துக்கொண்டேன். ரயில் மாறி ரயில் ஏறி, ஆறு கடலில் விழுகிற புன்னைக்காயலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் கண்ணாடியாகப் பரந்து கிடக்கிறது. துடுப்புச் சத்தத்துக்கே மீன் கலைந்துவிடும், அதில் எங்கள் ஊர்ப் படகு எதுவும் உதவாது. சூசை என்ற மீன்காரர் தமது வத்தையைக் கொண்டுவந்தார். பலகை மாதிரித் தட்டையான படகு, கம்பு ஊன்றித் தள்ளினால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். மீன் கூட்டமாக வருவது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. துரை வீசினார், வீசினார், காலை முழுக்க வீசினார். ஒன்றே ஒன்று மாட்டி, வெள்ளியாகத் துள்ளி, முள்ளை உதறிவிட்டுப் போயிற்று. துரை குழந்தை மாதிரிச் சிரித்தார். எனக்கும் அன்றைக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. சூசை மட்டும் மடியில் வீச்சு வலையை வைத்துக்கொண்டு வெகு பொறுமையாக இருந்தவர், கடைசியில் என் காதருகே குனிந்தார்: "தொரை வெளையாடி முடிச்சதும் ஒரு கொரல் குடுங்கய்யா. பொறவு மீன் பிடிப்போம்."

படகு பார்க்க வந்தவர்

வத்தையைப் போலவே ஒன்று, ஆனால் ஆற்றுக்குத் தகுந்தபடி சின்னதாக வேண்டும் என்றார் துரை. செங்கோட்டைத் தச்சர் ஒருவரிடம் சொல்லி வள்ளம் செய்கிற ஆஞ்ஞிலி மரத்தில் செய்து வாங்கினேன். சாரல் முடிகிற வாரம், ஊருக்குக் கீழே அணைக்கட்டுத் தேக்கத்தில் அதை இறக்கினோம். கோயில் படித்துறை மீனைத் தொடக்கூடாது என்பதால் அவ்வளவு தூரம் தள்ளிப் போயிருந்தோம். துரை ஈயைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தார். நான் கரையோரம் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு வில்வண்டி வந்து நின்றது.

மாமனார் இறங்கினார். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு நேரே எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். கடை திறந்தே இருப்பதைப் பார்த்திருக்கிறார். வண்டிக்குள் செண்பகம் இருந்தாள். பக்கத்தில் அவள் பெட்டி இருந்தது. சொல்லிக்கொள்ளாமல் கூட்டிப் போவது முறையில்லை என்றுதான் ஆற்றங்கரைவரை வந்திருக்கிறார். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் படகுக் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

துரைக்கு இது எதுவும் தெரியாது. வந்திருக்கிற பெரியவர்தான் கடை முதலாளி, படகைச் சோதிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். எழுந்து தொப்பியைக் கழற்றிக் கையை நீட்டினார். நீட்டிய கையைத் தட்டிவிட மாமனாருக்கு மனசு வரவில்லை. ஏறிவிட்டார். கனத்த சரீரம், ஆனாலும் படகு அசையவில்லை. துரைக்கு ஒரே சந்தோஷம். சுங்கானைப் பற்றவைக்கக் கை வேண்டியிருந்தது. கொஞ்சம் பிடியுங்கள் என்று கம்பை மாமனார் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கெண்டை ஈயைக் கவ்வியது.

கம்பு வளைந்தது, ரீல் அலறியது. கீழே போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். முரட்டுக் காளையைக் கயிறு விட்டுப் பிடிக்கிற மாதிரி, மீன் ஓடினால் விட்டார், நின்றால் சுற்றினார். மேல்துண்டு தண்ணீரில் விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. மீன் படகோரம் வந்த பிறகுதான் அவருக்குத் தன் நினைவு வந்தது. விட்டுவிடச் சொல்லும், விட்டுவிடச் சொல்லும் என்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். துரை குனிந்து முள்ளைக் கழற்றி, மீனை மெல்லத் தண்ணீரில் விட்டுவிட்டு, ஈயைப் பெரியவரின் உள்ளங்கையில் வைத்தார்.

மாமனார் அதை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோனார். மயிலிறகு தெரிந்திருக்கும். அதைச் சுற்றியிருந்த சரிகையும் தெரிந்திருக்கும். திருநெல்வேலியில் கடைக்காரனைப் படாத பாடு படுத்தி அவரே பொறுக்கி எடுத்த சேலை அது. வண்டியிலிருந்து இறங்கிக் கரையில் நின்ற மகளைப் பார்த்தார். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். துரைக்கும் சேர்த்து இன்றைக்கு வசவு கிடைக்கப் போகிறது என்று நினைத்தேன். அவர் கண்கள் மறுபடியும் மீன் போன திசைக்குப் போயின. கையிலிருந்த கம்பை அவர் இன்னும் துரையிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தத் திசையைப் பார்த்தபடியே கேட்டார்: "ஏட்டி செம்பகம், அந்தச் சேலையில சரிகை இன்னும் மிச்சம் கெடக்கா?"

பெட்டி அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சாரல் தவறாமல் கடைக்கு வந்து, சரக்கு சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டே அந்தச் சரக்கையே அள்ளிக்கொண்டு போன ஒரே வாடிக்கையாளர் என் மாமனார்தான்.