புளி உலுக்கிட்டுப் போலாம்

என் மனைவியின் கண்ணைக் கெடுத்தவன் நான்தான். எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம். மலைமேல் நெல்லிவாசல் பக்கம் எங்கள் கொல்லையில் சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால், அவள் புல்லை விட்டுவிட்டுச் சாமைப் பயிரைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே வருகிறாள். எனக்கு முன்கோபம் அதிகம்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று கத்தினேன்.

அவள் பிடுங்கிய பயிரை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "கொஞ்ச நாளாவே மங்கலா கீதுங்க. வெளக்கச் சுத்தி வளையம் வளையமா தெரியுது. திருப்பத்தூருல காட்டலாமா?"

"சாமை அறுத்துட்டுப் போலாம்" என்றேன்.

மலையில் எல்லாவற்றுக்கும் எங்கள் பதில் அதுதான். கல்யாணமா, கூரை மாற்றுவதா, வெள்ளாமை முடியட்டும் என்போம். கண்ணும் அப்படிக் காத்திருக்கும் என்று நினைத்துவிட்டேன், மடையன். சாமை அறுத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கீழே இறங்கும் வழியில் ஓடையைத் தாண்ட முடியவில்லை. அப்புறம் பனி. மாசியில் அவளே மறுபடி கேட்டாள்.

"புளி உலுக்கிட்டுப் போலாம் புள்ள. மரம் கொள்ளாம காச்சிக் கெடக்குது" என்றேன்.

நான் மேலே ஏறி உலுக்கினேன். அவள் கீழே தரையைத் தடவித் தடவிப் பொறுக்கினாள். கிளையில் நின்றபடி அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் அடுத்த கிளையையும் உலுக்கினேன்.

பலா பழுக்கும்போதுதான் கிளம்பினோம். புதூர்நாடு வரை கையைப் பிடித்து நடத்திப்போய் ஜீப்பில் ஏற்றினேன். திருப்பத்தூர் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "நரம்பு செத்துப்போச்சு. முன்னாடியே வந்திருந்தா இருந்த பார்வையையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். பாவி மகள், ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ சாமை, எத்தனையோ புளி. "பூ வெச்சிடுச்சாங்க?" என்று கேட்பாள். வெச்சிடுச்சு என்பேன். என் தலை வெளுத்தது. இரண்டு பல் விழுந்தது. எண்பதுகளில் ஒரு மாசி, பாதி மரம் ஏறியவன் மூச்சு வாங்கி இறங்கிவிட்டேன்.

"இன்னாங்க, அதுக்குள்ள எறங்கிட்டீங்க?"

கிட்டே வந்து என் முகத்தைத் தடவினாள். நெற்றிச் சுருக்கம், ஒட்டிய கன்னம், எல்லாவற்றிலும் விரல் நின்று நின்று போனது.

"முடி இன்னும் கருப்பாத்தான கீது?"

"கருப்புதான் புள்ள."

"பொய் சொல்லாதீங்க." கை என் தலையிலேயே இருந்தது. "நீங்க கெழவனாவறத நான் பாக்கவே இல்லியேங்க" என்று சொல்லி அழுதாள். அத்தனை வருஷத்தில் அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த வருஷம் நான் புளி உலுக்கவில்லை.