பென்னியுத் அழுத்திய முந்நூறு கூம்புகள்

என் தங்கை புருஷன் பென்னியுத்துக்கு இடது காதுமடல் வலதைவிடக் கொஞ்சம் நீளம். பிறவியில் வந்ததில்லை, தொழிலால் வந்தது. முத்திரை அழுத்துவதற்கு முன் களிமண் காதுமடல் பதத்துக்கு வந்திருக்க வேண்டும். அவன் ஒரு கையால் மண்ணைக் கிள்ளுவான், மறு கையால் தன் காதைக் கிள்ளுவான். இரண்டும் ஒத்துப்போனால்தான் அச்சைக் கையில் எடுப்பான். முப்பது வருஷமாக இதே கூத்து.

அவன் செய்வது கூம்பு. இரண்டு சாண் நீளம், ஒரு முனை கூர், மறுமுனை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டை. பெரிய மனிதரின் பெயரும் பதவியும் செதுக்கிய மர அச்சை அந்தத் தட்டையில் அழுத்திச் சூளையில் வைப்பான். மேற்கு மலையில் அவருடைய கல்லறை வாசலுக்கு மேலே சுவரில் வரிசை வரிசையாகச் செருகுவார்கள். பெயர் மட்டும் வெளியே தெரியும். மண் கொண்டுவருவதும் கூம்புகளை மலைக்கு ஏற்றுவதும் நானும் என் கழுதைகளும்.

பென்னியுத்துக்கு எழுத்து வாசனையே கிடையாது. அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. காலையில் வேலை, உச்சிவெயிலில் ரொட்டியும் வெங்காயமும், ஒரு குடுவை பார்லி பீர், சுவர் நிழலில் குறட்டை. இவ்வளவு நிம்மதியாக ஒரு மனுஷன் இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பல நாள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

போன நைல் வெள்ளம் வடிந்த பிறகு நெப்சேனி முந்நூறு கூம்பு கேட்டார். எங்கள் பெரிய தெய்வம் அமுனின் கோயில் வாத்துகளுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. அச்சையும் அவரே செதுக்கச் சொல்லி வாங்கி அனுப்பியிருந்தார். முந்நூறும் நிழலில் உலர்ந்துகொண்டிருந்தபோது, அவர் மனைவி ஹெனுத் தனியாக நடந்து வந்தார். ஒரு கூம்பை எடுத்து எழுத்தை விரலால் தடவினார்.

"இதுல என் பேரு எங்கப்பா இருக்கு?"

நான் பென்னியுத்துக்குக் கண்ணைக் காட்டினேன். ஏதாவது ஒரு வரியைத் தொட்டுக் காட்டி அனுப்பிவிட வேண்டியதுதானே? அந்த அம்மாளுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் கல்லறையில் பெயர் இல்லாதவருக்கு செத்தபின் போகும் அந்த உலகத்தில் இடமும் இல்லை. அதை அவன் நினைத்திருக்க வேண்டும்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஆனா பொம்பளைங்க பேரு முடியிற இடத்துல படமா ஒரு பொம்பளை குந்தியிருப்பா. எத்தனை அச்சு அழுத்தியிருக்கேன். இதுல அவ இல்ல."

"இருக்குன்னு சொன்னாரே."

ஹெனுத் அழவில்லை. பலகை ஓரத்தில் உட்கார்ந்து, "அவரு வரட்டும்" என்றார். பென்னியுத் தன் பீரில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தான். எனக்கு ஒரு சொட்டு இல்லை.

கூம்புகளைச் சரிபார்க்க நெப்சேனி கைத்தடியோடு வந்தார். மனைவியைக் கண்டதும் முகம் சுண்டிப்போயிற்று.

"என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்றார் ஹெனுத்.

அவர் ஒரு கூம்பைக் கையில் எடுத்தார். "அமுனின் வாத்துகளுக்கு அதிகாரி. தானியக் கிடங்கின் எழுத்தர். அரசருக்குத் தெரிந்தவர். நெப்சேனி."

"அப்புறம்?"

"இடம் இல்ல ஹெனுத். நாலு வரிதான் வரும்னுட்டான் செதுக்குறவன்."

"வாத்துக்கு இடம் இருக்கு. அங்க போய் உங்களுக்கு ரொட்டி யாரு சுடுவா, வாத்துங்களா?"

நான் கழுதைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே சிரித்து வைத்தால் பிழைப்பு போய்விடும்.

"ஐயா, இன்னும் சூளைக்குப் போகல" என்றான் பென்னியுத். "எல்லாத்தையும் கரைச்சுத் திரும்பப் பிசைஞ்சுக்கலாம். முந்நூறும் நானே மறுபடி அழுத்தித் தர்றேன். ஒரு வரியை மட்டும் விட்டுக்கொடுத்து, அந்த இடத்துல அம்மா பேரை வெச்சு வேற அச்சு அனுப்புங்க."

நெப்சேனி கூம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. கடைசியில், "சரி, வாத்தை எடுத்துடு" என்றார்.

"வேணாம்" என்றார் ஹெனுத். "அதுக்கு இருபது வருஷம் மாடா உழைச்சிருக்கீங்க. தலையெல்லாம் இறகோட எத்தனை நாள் வீட்டுக்கு வந்திருக்கீங்க. அது இருக்கட்டும். அந்த மூணாவது வரியை எடுங்க."

"அரசருக்குத் தெரிந்தவர்ங்கறதையா? அது எவ்வளவு பெரிய கௌரவம்னு தெரியுமா உனக்கு?"

"ராஜா உங்களை எப்பப் பார்த்தாரு? அவருக்கு உங்களைத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

நெப்சேனி கூம்பைப் பென்னியுத் கையில் கொடுத்தார்.

"அவ சொன்ன வரியையே எடுத்துடு" என்றார்.

"சரிங்க ஐயா" என்று சொல்லி, பென்னியுத் அந்தக் கூம்பைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டான்.