கேமராவோடு போர்ட் பிளேயரில் ஒரு கோடை

1969 ஏப்ரல் மாதம், சென்னையிலிருந்து கிளம்பிய நான்காம் நாள் காலையில் எங்கள் கப்பல் போர்ட் பிளேயர் துறைமுகத்துக்குள் நுழைந்தது. மூன்று நாளும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் பார்க்காத கண்ணுக்கு, கரையில் தெரிந்த தென்னைகளும் மலைச்சரிவின் பச்சையும் நம்பும்படியாக இல்லை. மணி ஏழுதான். வெயில் மட்டும் திருச்சியில் பத்து மணிக்கு அடிக்கிற வெயில். இங்கே கோடையில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது, மாலை ஆறுக்கு முன்பே இருட்டிவிடுகிறது என்பதை அப்புறம் தெரிந்துகொண்டேன்.

சாத்தம் துறையில் என் தங்கை கமலாவின் கணவர் தங்கராஜ் காத்திருந்தார். மராமத்து இலாகாவில் ஓவர்சியர். வந்து ஆறு வருஷம் ஆகிறது. பெட்டியை வாங்கிக்கொண்டவர், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“பொறந்து எட்டு நாளாச்சு அண்ணி. பொண்ணுதான்.”

“கமலா நல்லாருக்காளா மாப்பிள்ளை?”

“நல்லாருக்கா. உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கா.”

அந்தச் செய்திக்காகத்தான் நான் எழுநூறு மைலுக்கு மேல் கடல் கடந்து போயிருந்தேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. திருமணமான இரண்டாம் வருஷமே கணவரை இழந்தவள். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் பிரிவில் வேலை. முந்தின தீபாவளிக்கு அவர்கள் லீவில் திருச்சி வந்திருந்தபோது, கமலா நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு பெண்கள். “இதுவும் பொண்ணாப் பொறந்தா நீயே வளத்துக்கக்கா” என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா என்று மறுநாள் கேட்டேன். இல்லை என்றாள். தங்கராஜும் தலையாட்டினார். கல்லூரிக் கோடை விடுமுறையில் வந்து, குழந்தைக்கு நாற்பது நாள் கழிந்ததும் கப்பலில் அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. என் பெட்டியில் பால் பவுடர் டின்களும் இரண்டு பாட்டில்களும் இருந்தன. கூடவே, கல்லூரிக்குச் செடி கொடிகளைப் படமெடுப்பதற்காக வாங்கியிருந்த பெட்டிக் கேமராவும் மூன்று ஃபிலிம் சுருள்களும்.

ஷாதிபூரில் அவர்களுடைய குவார்ட்டர்ஸ் இரண்டே அறை. தகரக் கூரை, மரச் சுவர். பக்கத்து வீடுகளில் ஒன்றில் வங்காளிகள், ஒன்றில் மலையாளிகள், எதிரே தெலுங்குக் குடும்பம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு இந்தி. கமலாவின் பெண்கள் மீனாவும் உஷாவும் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார்கள். “பெரியம்மா, பானி குடு”, “பெரியம்மா, மெயின்லேண்ட்ல ஹாத்தி இருக்கா?” நான் தண்ணீர் என்றும் யானை என்றும் திருத்தினால் இரண்டும் சிரிக்கும்.

குழந்தையைக் கமலா என் மடியில்தான் போட்டாள். “பேரு நீயே வச்சுக்க” என்றாள். எனக்கு ஒரு பெயர் மனதில் இருந்தது. அதை அன்று சொல்லவில்லை.

சமைப்பது, துவைப்பது, மூத்த பெண்கள் இருவரையும் குளிப்பாட்டுவது எல்லாம் எனக்குச் சுலபமாக வந்தன. ஆனாலும் விடிந்து ஒரு மணி நேரம் நான் அந்த வீட்டுக்கு வேண்டாதவளாக இருந்தேன். தங்கராஜ் கிளம்பும் நேரம். கணவன், மனைவி, குழந்தைகள் என்று அந்த அறை நிரம்பிவிடும். எங்கே நின்றாலும் யாருக்காவது இடைஞ்சலாக இருக்கும். அதனால் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே நடக்கத் தொடங்கினேன்.

ஷாதிபூரிலிருந்து சாத்தம் நடக்கிற தூரம்தான். அங்கிருந்து ஃபெர்ரியில் துறைமுகத்தைக் கடந்தால் பாம்பூஃப்ளாட். பதினைந்து பைசா டிக்கெட். எதிர்த்திசையில் அரசாங்க ஆபீசுக்கும் மரமில்லுக்கும் வருகிற கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு வரும். நான் போகிற படகில் நாலைந்து பேர், ஒரு ஆடு, சில கோழிகள். கரையை ஒட்டி மேற்கே கொஞ்சம் நடந்தால் உப்புத் தண்ணீர் ஓடையும் கண்டல் மரங்களும். பேச்சுக் குரலே கேட்காத இடம். வேர்களுக்கிடையில் நண்டுகள் சேற்றைக் கிளறுகிற சத்தம்கூடக் கேட்கும்.

கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் என்று பத்து வருஷமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அங்கேதான். முதல் படம் அது. நோட்டில் வழக்கம்போல இடம், நேரம், செடியின் பெயர் குறித்தேன்.

மூன்று சுருளுக்கு முப்பத்தாறு படம். போர்ட் பிளேயரில் அந்த அளவுச் சுருள் கிடைப்பது அரிது என்று சொன்னார்கள். வீணாக்கக் கூடாதென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பொத்தானை அமுக்கிய பிறகு, இதை ஏன் எடுத்தேன் என்று ஒரு வரியாவது எழுத வேண்டும். காரணம் எழுத வராவிட்டால் அடுத்த முறை அப்படிப்பட்ட படம் எடுக்கக் கூடாது. சிக்கனத்துக்காக ஆரம்பித்தது அது. வேறு நோக்கம் எதுவும் இல்லை.

முதல் வாரத்து வரிகள் மாணவிகளுக்குக் காட்டலாம் போலத்தான் இருந்தன. “மூச்சுவேர்கள் தெளிவாகத் தெரிகின்றன”, “இலையில் உப்புப் படிவு.” பிறகு எழுத்து தானாக மாறிற்று. ஒரு நாள் இப்படி எழுதியிருக்கிறேன்: “ஒற்றைக் கொக்கு. அந்தப் பக்கம் கூட்டமாக இருந்தவற்றை விட்டு இதை ஏன் எடுத்தேன்? அவை பறந்துவிடும், இது நிற்கும் என்று நினைத்தேன். இதுவும் பறந்துவிட்டது.” இன்னொரு நாள், அலை கொண்டுவந்து போட்ட ஒரு பெரிய மரம், வேர் மேலே பார்த்தபடி. அதற்குக் கீழே: “சாயங்காலம் வீடு திரும்பியதும் யாராவது பேசுகிற சத்தம் வேண்டுமென்று ரேடியோவைப் போடுவேன். குழந்தை வந்தால் ரேடியோ வேண்டியிருக்காது.”

அந்த வரியை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். மரத்தைப் பார்த்துக்கொண்டு ரேடியோவைப் பற்றி எழுதியிருக்கிறேனே என்று சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கிய பிறகு, அந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகத் திருச்சி வீடு கண்முன் வந்தது. பூட்டைத் திறந்தால் காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும் வீடு.

வீட்டில் ஒன்று கவனித்தேன். பால் கொடுக்கும்போது கமலா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிர்ச் சுவரில் காலண்டரைப் படிப்பவள்போல இருப்பாள். குழந்தை குடித்து முடித்ததும் உடனே என்னிடம் நீட்டிவிடுவாள். மே மாதம் பிறந்ததும், “இப்பவே பாட்டில் பழக்கிடுக்கா. கப்பல்ல கஷ்டப்படும்” என்றாள். நான் பழக்கினேன். முதல் இரண்டு நாள் துப்பியது. மூன்றாம் நாள் என் விரலைப் பிடித்துக்கொண்டு குடித்தது. அந்தப் பிடியை விடுவித்துக்கொள்ள மனமில்லாமல், பாட்டில் காலியான பிறகும் வைத்துக்கொண்டிருந்தேன்.

கப்பலுக்கு ஒரு வாரம் இருந்தது. காலை வெயில் ஏறுமுன், “ஜங்லிகாட் போய்க் கொஞ்சம் மல்லிகப் பூ வாங்கிட்டு வரியாக்கா? நிறைய வேணும்” என்றாள் கமலா. ஆறு வாரமாகத் தலைவாராதவள் பூக் கேட்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜங்லிகாட் நெரிசலான கடைத்தெரு. பாத்திரக் கடைகள், தையல் கடைகள், சைக்கிள் ரிப்பேர், மீன். பூக்கடை இல்லை. இராமநாதபுரத்துக்காரர் ஒருவருடைய மளிகைக் கடையில் விசாரித்தேன். தங்கராஜ் வாடிக்கையாகச் சாமான் வாங்குகிற கடை. “பூவா? எங்க வீட்டுப் பின்னாடி ரெண்டு செடி நிக்கிது. போங்க, ஆமினாட்ட கேளுங்க” என்று அவர் உள்ளே வழிகாட்டினார்.

கொல்லைப்புறத்தில் தகர வேலியை மூடிக்கொண்டு இரண்டு புதர்கள் பூத்துக் கிடந்தன. அவருடைய மனைவி ஆமினா முறத்தோடு வந்தார். என் வயதுதான் இருக்கும்.

“வேணுங்கறத பறிச்சுக்கங்க. தலைக்கா, இல்ல பால் வத்தறதுக்கா? உங்க வீடு பச்சப்புள்ள வீடாச்சே, அதான் கேட்டேன்.”

“தலைக்குத்தான்” என்றேன்.

சொல்லிவிட்டு ஒரு பூவைக்கூடப் பறிக்காமல் தோளில் தொங்கிய கேமராவை எடுத்தேன். செடியைப் படமெடுத்தேன். கோணம் மாற்றி இன்னொன்றும் எடுத்தேன். ஒரே செடிக்கு இரண்டு படம் நான் எடுத்ததே கிடையாது. பிறகு அங்கிருந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். இடம் எழுதினேன். பெயர் எழுதினேன். ஏன் எடுத்தேன்?

எழுத வரவில்லை. ஆமினா முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் எழுதினேன்: “கமலா எதற்குக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பதற்காக எடுத்தேன்.”

மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் அறிந்ததுதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தவளும், காலண்டரைப் படித்தவளும், கொடுத்ததும் கையை இழுத்துக்கொண்டவளும் எனக்கு அப்போது ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். முன் பக்கங்களைப் புரட்டினேன். கொக்கு, மரம், ரேடியோ, என் வீடு, என் சாயங்காலம். அந்தக் குழந்தையின் முகம் எப்படியிருக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. கமலாவின் பெயரே அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தது.

“என்னம்மா, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?” என்றார் ஆமினா.

“ஒண்ணுமில்லீங்க. பூ வேண்டாம்.”

அவர் முறத்தைக் கீழே வைத்தார். “சரி. டீ குடிச்சிட்டுப் போங்க” என்றார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் கமலா மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முன்புறம் நனைந்திருந்தது. ஒரு பழைய வேட்டியை நீளமாகக் கிழித்துப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தாள்.

“பூ கெடைக்கலையாக்கா?”

“கெடச்சுது. வாங்கல.”

“பால் கட்டிக்கிட்டு வலி தாங்கல. ஜொரம் வர்ற மாதிரி இருக்கு.”

“அப்ப அவளுக்குக் குடு.”

“அவதான் பாட்டில்ல குடிக்கிறாளே. இனிமே எதுக்கு…” என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

தூளியிலிருந்து குழந்தையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். “சுவரப் பாக்காத. அவளப் பாத்துக் குடு” என்றேன்.

“வேண்டாங்க்கா. பாத்தா என்னால முடியாது.”

“முடிய வேண்டாம்.”

அவள் குனிந்து பார்த்தாள். சத்தமே இல்லாமல் அழத் தொடங்கினாள். குழந்தை பசியோடு குடிக்கிற சத்தம் மட்டும் அறையில் கேட்டது. கொஞ்சம் கழித்து, “சொன்ன வாக்கு இருக்கேக்கா. நீ அவ்வளவு தூரம் டின்னெல்லாம் சுமந்துக்கிட்டு… அப்ப உனக்கு?” என்றாள்.

“எனக்கு ஜூன்ல காலேஜ் திறந்துருவாங்க” என்றேன். அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் விடிகாலையில் குழந்தையை யாரோ பெயர் சொல்லிக் கொஞ்சுவது காதில் விழுந்து எழுந்தேன். கமலாதான். நான் நினைத்து வைத்திருந்த பெயர் இல்லை அது.

கப்பல் நாளன்று தங்கராஜ் சாத்தம் வரை வந்தார். பெட்டியைக் கூலியாளிடம் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

“அண்ணி, மூணு பொண்ண வச்சுக்கிட்டு இந்த ஊர்ல எப்படின்னுதான் நான் நெனச்சேன். அவ ஒரு நாள்கூட அழுது நான் பாக்கல. அதனால சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.”

“நானும் அப்படித்தான் மாப்பிள்ளை எடுத்துக்கிட்டேன்.”

“கோவம் இல்லையே?”

“இல்லை. உள்ள போங்க, மழை வருது.”

தென்மேற்குப் பருவத்தின் முதல் மழை. அவர் நனைந்துகொண்டே நின்றார். கப்பல் விலகும்போது கரையில் யார் யாரோ கையசைத்தார்கள். நானும் பொதுவாக எல்லாருக்கும் அசைத்தேன். பாம்பூஃப்ளாட் பக்கம் மலை முழுவதும் மேகத்துக்குள் போய்விட்டது. கேமராவில் இன்னும் சில படம் எடுக்க இடம் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

திரும்பும் பயணத்தில் கடல் கொந்தளிப்பு. இரண்டாம் நாள் பிற்பகல் வெயில் வந்தபோது, கீழ்த்தளத்துப் புழுக்கம் தாங்காமல் எல்லாரும் மேல்தளத்துக்கு ஏறிவிட்டார்கள். உட்கார இடமில்லை. வங்காளக் குடியேறிக் குடும்பம் ஒன்று பாய் விரித்து, பாத்திரம் பரப்பி, ஒரு வீட்டையே அங்கே அமைத்திருந்தது. தலையில் முக்காடிட்ட ஓர் அம்மாள், குறுக்கே நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்து இந்தியில் கேட்டாள்:

“பச்சே கித்னே ஹைன்?”

எத்தனை குழந்தைகள் என்கிறாள். ஊரில் யார் இதைக் கேட்டாலும் நான் உடனே தங்கை குழந்தைகளைச் சொல்வேன், கல்லூரிப் பெண்களைச் சொல்வேன், எதையாவது சொல்லிப் பேச்சை நிரப்பிவிடுவேன். போகிற வழியில் கப்பலில் கேட்டவர்களிடம், “ஒன்று, தீவில் இருக்கிறது, அழைத்துவரப் போகிறேன்” என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

“நஹீன்” என்றேன். “அகேலீ ஹூன்.” இல்லை, தனியாள். மீனாவிடமும் உஷாவிடமும் கற்ற இந்தி அவ்வளவுக்குப் போதுமாக இருந்தது.

அவள் ஐயோ என்று சொல்லவில்லை. வருத்தப்படவும் இல்லை. “அச்சா” என்றாள், ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டவள்போல. பிறகு ஒரு மூட்டையைக் காலால் தள்ளி, நிழலில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் ஒதுக்கினாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.