அஸ்தம்பட்டியிலிருந்து மாடு வளர்த்தவர்

என் கணவரின் அண்ணன் சேலம் அஸ்தம்பட்டியில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, ராசிபுரத்துப் பக்கம் எங்கள் விவசாயக் காட்டில் மாடு வளர்த்தார். சாணியும் மூத்திரமும் என் பங்கு. மாடுகள் அவருடைய செல்போனில் இருந்தன.

ஒவ்வொரு பசுவின் கழுத்திலும் ஒரு பட்டையை மாட்டியிருந்தார். மாடு நடப்பதையும் அசைபோடுவதையும் அது அவருக்குத் தெரிவிக்கும். அவர் உடனே என்னைக் கூப்பிட்டு, செவலைப் பசு இன்றைக்குக் குறைவாக நடந்திருக்கிறது என்பார். செவலையின் மடியடியில் உட்கார்ந்து கறந்துகொண்டே நான் அதைக் கேட்டுக்கொள்வேன். நானும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். பட்டையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சட்டையில் ஒரு வைக்கோல் ஒட்டினாலும் முகம் சுளிக்கும் மனிதர் தன்னைப் பண்ணையக்காரர் என்று சொல்லிக்கொண்டதுதான் பொறுக்கவில்லை.

ஒரு மழைநாள் காலையில் செவலை ஈரமான குதிரைமசால் தீவனத்தை வயிறுமுட்டத் தின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் இடப்பக்க வயிறு மேளம்போல் உப்பி, மூச்சு வாங்கியது. என் கணவர் லாரியோடு வடக்கே போயிருந்தார். வழக்கமாக வரும் மாட்டு டாக்டரின் எண் அண்ணனிடம் மட்டுமே இருந்ததால் அவரைக் கூப்பிட்டேன்.

"மாமா, செவலைக்கு வயிறு உப்பிக்கிச்சுங்க. டாக்டர் நம்பர் குடுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மிணி. ஓய்வுல இருக்குதுன்னு செல்லுல காட்டுது. நீ பதறாத."

படுத்துக் கிடந்த மாட்டை ஓய்வு என்றது பட்டை. பட்டைக்குக் கண் இல்லை, மன்னிக்கலாம். நான் போனை வைத்துவிட்டு, பால் சொசைட்டியில் கேட்டு வேறொரு டாக்டரைப் பிடித்தேன். அவர் வீடியோவில் மாட்டைப் பார்த்தார். நல்லெண்ணெயை மெதுவாகப் புகட்டச் சொன்னார். எழுப்பி, முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தச் சொன்னார். அப்படியே செய்தேன். பிறகு அவரே மழையில் பைக்கில் வந்து, வாய்வழியாகக் குழாய் விட்டுக் காற்றை இறக்கினார். மாடு பிழைத்தது.

அண்ணனிடம் சொன்னபோது, நல்லது என்று மட்டும் சொன்னார்.

அதற்கடுத்த மாதம் ராசிபுரத்தில் விவசாயிகள் கூட்டம். பட்டையைப் பற்றிப் பேச அண்ணன் இஸ்திரி மடிப்புக் கலையாமல் மேடையேறினார். பட்டை தக்க நேரத்தில் எச்சரித்ததாகவும், தான் சேலத்திலிருந்தே டாக்டரை அனுப்பி மாட்டைக் காப்பாற்றியதாகவும் சொன்னார். குரல்கூடத் தழுதழுத்தது. நான் எழுந்தேன்.

"ஏனுங்க மாமா, நீங்க அனுப்புன டாக்டரு யாருங்க?"

அவர் மைக்கைச் சரிசெய்தார். குடும்ப விஷயத்தை அப்புறம் பேசலாம் என்றார். கூட்டம் சிரித்தது, என்னைப் பார்த்து. கூட்டம் முடிந்ததும் அதே ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, பட்டை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். அவர்களுக்கு ஏற்ற ஆள்தான் மேடையில் இருந்தார்.

ஊருக்குத் திரும்பிய என் கணவர், அண்ணனைச் சபையில் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்றார். பொய் சொன்னவருக்கு இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு என்று கேட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

மறுநாள் பட்டைகளைக் கழற்றி, கழுவாமலே சேலத்துக்குக் கொடுத்தனுப்பினேன். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். இத்தனை வருடங்களில் எனக்கு அவர் செய்த ஒரே உபகாரம் அது.