சூசைமாணிக்கம் தள்ளிய மோட்டார்

"மோட்டார் செய்ய உமக்கு என்ன பட்டம் இருக்கு?" என்று விசாரணைக்கு வந்த அதிகாரி ஒருமுறை சூசைமாணிக்கத்திடம் கேட்டார். "பட்டம் இல்லீங்க. தண்ணி வருது" என்றார் அவர். பயணியர் விடுதி முற்றத்தில் கூடியிருந்த விவசாயிகள் சிரித்த சிரிப்பில் அதிகாரியும் சிரித்துவிட்டார். சென்ற செவ்வாய்க்கிழமை சூசைமாணிக்கத்தின் மைத்துனர் என் வீட்டு முன்னால் சைக்கிளை நிறுத்தி, "வாத்தியாரே, மச்சான் போயிட்டாரு. நாலு மணிக்கு எடுக்குறோம்" என்று சொன்னபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தச் சிரிப்புதான்.

வேடசந்தூர் சாலையில் அவர் பட்டறை இருந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். பழுதான மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுத்தவர், பிறகு முழு மோட்டாரையும் தாமே செய்யத் தொடங்கினார். அன்று இந்த வட்டாரத்துக்கு மின்சாரம் தந்தது ஒரே கம்பெனி. மோட்டார் விற்றதும் அதே கம்பெனி. அதன் மோட்டாரை வாங்கினால் ஒரே மாதத்தில் கிணற்றுக்கு இணைப்பு வரும். சூசைமாணிக்கத்தின் மோட்டாரை வாங்கியவர் மனுமேல் மனு போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஊரில் ஒரே குடிநீர்க் கிணறு வைத்திருப்பவர் மளிகைக் கடையும் வைத்து, "என்னிடம் அரிசி வாங்கினால்தான் தண்ணீர்" என்று சொன்னால் எப்படி? அப்படித்தான் இருந்தது.

அரசாங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். முதல் கையெழுத்து வேடசந்தூர்ப் பக்கத்து மிளகாய் விவசாயி காளியப்பனுடையது. விசாரணை நாளன்று சூசைமாணிக்கம் மாட்டுவண்டியில் மோட்டாரை ஏற்றி வந்து, விடுதிக் கிணற்றிலேயே பொருத்தி ஓட்டிக் காட்டினார். கம்பெனி இன்ஜினீயரும் குனிந்து, கொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார். நாங்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தோம்.

அடுத்து வந்தது தேர்தல். கம்பெனியின் ஜீப்புகள் ஆளும் கட்சிக் கொடி கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனதை எல்லாரும் பார்த்தோம். தேர்தல் முடிந்த கையோடு சமரச ஆணை வந்தது. இனி எவர் செய்த மோட்டாருக்கும் இணைப்பு உண்டு. சோதனையில் தேறினால் போதும். கம்பெனி மீது குற்றம் எதுவும் சொல்லப்படவில்லை. புகாரைத் திரும்பப் பெறுவதாக சூசைமாணிக்கம் கையெழுத்திட வேண்டும்.

அவர் பேனாவைப் பிடித்தபடி கேட்டார்: "சார், சோதிக்கிறது யாருன்னு போட்டிருக்கா?"

கம்பெனியின் கொட்டகையில், கம்பெனி ஆட்களைக் கொண்டு என்று கடைசிப் பக்கமான நான்காம் பக்கத்தின் அடியில் இருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். சில்லறை ஏற்பாடு என்று நினைத்தேன். ஒரு மாணவனின் விடைத்தாளை அவனோடு முதலிடத்துக்குப் போட்டியிடுபவனிடம் திருத்தக் கொடுப்பேனா? வகுப்பில் ஒருநாளும் செய்யாததை அன்று செய்தேன். "அரசாங்கம் பண்ணின ஏற்பாடு, சூசை. பயப்படாம போடுங்க" என்றேன். போட்டார்.

வெற்றிக் கூட்டம் நடந்தது. மேடையில் சூசைமாணிக்கத்தைக் கொண்டே கம்பெனி மேனேஜருக்கு மாலை போட வைத்தார்கள். "இனிமே ரெண்டு பேரும் அண்ணன் தம்பி!" என்று சட்டமன்ற உறுப்பினர் இருவர் கையையும் தூக்கிப் பிடித்தார். நானும் கைதட்டினேன்.

சோதனைக்குப் போன அவருடைய மோட்டார் ஒன்றுகூடத் தேறவில்லை. கோடையில் ஒருநாள் காளியப்பன் வண்டியில் மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஏலே சூசை, இத வச்சு நான் பூச பண்ணவா? மொளகாச் செடி அம்புட்டும் கருகிப்போச்சு. கம்பெனி மோட்டாரே வாங்கிக்கிறேன். ஒன் பேச்சக் கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்!" சூசைமாணிக்கம் ஒரு பக்கம் பிடித்து இறக்கினார். "செத்த நேரம் இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போ அப்பு" என்றார். காளியப்பன் நிற்கவில்லை.

பட்டறையை மூடிய மறு மாதம் கம்பெனியே அவரை வேலைக்குக் கூப்பிட்டது. சோதனைக் கொட்டகையில்தான். "ஒன்னவிட மோட்டார் தெரிஞ்சவன் இங்க எவன் இருக்கான்?" என்றாராம் இன்ஜினீயர். "வீட்ல ஒல வைக்கணும்ல சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். முதல் நாள் அவர் முன்னால் வைத்தது அவரே கடைசியாகச் செய்து விற்ற மோட்டார். காலை முழுக்க ஓட்டிப் பார்த்தார். குறையில்லை. இன்ஜினீயர் சோதனைச் சீட்டையும் 'தள்ளுபடி' முத்திரையையும் நீட்டினார்.

"காரணம் என்னன்னு எழுதட்டும்?"

"ஒண்ணும் எழுத வேணாம். குத்திக் கையெழுத்துப் போடு."

அன்று மாலை அந்தச் சீட்டின் நகலை என் மேசைமேல் வைத்தார். "நல்லாத்தான் சார் ஓடுச்சு" என்றார். பிறகு, கோபம் சிறிதும் இல்லாமல், "எங் கையெழுத்து இப்ப ரெண்டு எடத்துல இருக்கு. மொதக் கையெழுத்து நீங்க போடச் சொன்னது" என்றார். அதற்குப் பின் அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை.

சாகும்வரை அங்கேதான் வேலை பார்த்தார். எந்த மோட்டாரையும் முழுக்க ஓட்டிப் பார்க்காமல் தள்ளியதில்லை என்று உடன் வேலை செய்தவர்கள் கல்லறைத் தோட்டத்தில் சொன்னார்கள். கம்பெனி பெரிய மலர் வளையம் அனுப்பியிருந்தது. அதைக் குழிமேட்டில் சாய்த்து வைத்த இன்ஜினீயர் அவர் மனைவியிடம், "எங்க ஆளும்மா. கடைசி வரைக்கும் எங்க ஆளு" என்றார்.  

என்னிடம் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான். காரணம் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. அதன்கீழ் அவர் பெயர், குண்டு குண்டான எழுத்தில், ஓர் எழுத்தும் நடுங்காமல்.

பெரிய கம்பெனியோடு அரசாங்கம் செய்துகொண்ட சமரசம் ஏதேனும் உங்கள் கைக்கு வந்தால், கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். சோதிப்பவர் யார் என்ற வரியைக் கண்டுபிடித்து, அதன்கீழ் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.