கோல் கீப்பரை வெளியே அனுப்பிய ரெஃபரி

கோல் கீப்பர் எழுந்து நின்றுவிட்டார். அன்றைய சிக்கல் முழுவதும் அதிலிருந்துதான் தொடங்கியது. அவர் விழுந்தபடியே கிடந்திருந்தால் ஸ்ட்ரெச்சர் வந்திருக்கும், யாரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள்.

நான் ஸ்டாண்டின் மேல்வரிசையில், ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ரெஃபரியைக் கவனித்து மார்க் போடும் அசெசர் வழக்கமாக அங்கேதான் உட்காருவார். யாழ்ப்பாணத்தில் பாடசாலை உதைபந்தாட்டங்களுக்கு விசில் ஊதியவன் நான். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, லூயிஷாமில் வீடெடுத்து, பூங்காக்களில் நடக்கும் ஞாயிறு ஆட்டங்களுக்கும் ஊதினேன். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும், மற்ற ரெஃபரிகளைப் பார்த்து மார்க் போடும் வேலையை லீக் தந்தது. கிழமை நாட்களில் கவுன்சில் அலுவலகம், சனிக்கிழமைகளில் ரயில். தண்டவாளத் திருத்த வேலை என்றால் பாதி வழியில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். அதனால் எப்போதும் ஒரு ரயில் முந்தியே புறப்படுவேன்.

நான் போனவை சிறு கிளப்புகளின் மைதானங்கள். கிழமை முழுக்கக் குழாய் பூட்டுபவரும் வேன் ஓட்டுபவரும் சனிக்கிழமை பூட்ஸ் மாட்டுவார்கள். ரெஃபரிகளும் அப்படித்தான். ஆட்டம் முடிந்ததும் இரண்டு கிளப்புகளும் ரெஃபரிக்கு மார்க் அனுப்பும். அசெசர் வந்திருந்தால் அவரும் அனுப்புவார். பருவத்தின் முடிவில் அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் யார் மேல் லீக்குக்குப் போவது என்று முடிவாகும்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம், பருவத்தின் கடைசி வாரங்கள். கென்ட் பக்கம் ஒரு சிறு ஊர். உள்ளூர் அணி வென்றால் லீக்கில் தப்பும், தோற்றால் கீழே இறங்கும். அணிப் பட்டியலில் ரெஃபரியின் பெயரைப் பார்த்தேன்: மரியநாயகம். மன்னார்க்காரர் என்று பிறகு அறிந்தேன். அதற்கு முன் அவரைக் கண்டதில்லை. ஆட்டத்துக்கு முன் டிரெஸ்ஸிங் ரூமில் கைகொடுத்தபோது இருவரும் ஆங்கிலத்திலேயே பேசினோம். இரண்டு லைன்ஸ்மன்களும் கூட இருந்தார்கள்.

ஸ்டாண்டிலிருந்து கண்டது

இரண்டாம் பாதியில் உள்ளூர் அணி ஒரு கோல் முன்னுக்கு நின்றது. எதிரணிக்கு ஒரு கோர்னர் கிடைத்தது. கீப்பர் பாய்ந்து பந்தைப் பிடிக்க, எதிரணிக்காரரின் முழங்கால் அவர் நெற்றிப்பொட்டில் இடித்தது. வேண்டுமென்று செய்ததல்ல. வாளியும் ஸ்பொஞ்சுமாகப் பயிற்சியாளர் ஓடினார். சற்று நேரத்தில் கீப்பர் எழுந்து பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். சனம் கைதட்டியது. இரத்தம் இல்லை.

மரியநாயகம் அவர் அருகே போய் ஏதோ கேட்டார். பிறகு விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்குவார் என்று பார்த்தேன். அவர் தொடங்கவில்லை. கப்டனைக் கூப்பிட்டு, கீப்பரை வெளியே கொண்டுபோகச் சொன்னார்.

உள்ளூர் அணியின் மனேஜர் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவந்தார். "அவன் நல்லாத்தானே நிக்கிறான்! விசரோ உனக்கு?" அவருடைய ஆங்கிலத்தை இதைவிட மரியாதையாக எழுத முடியாது. மரியநாயகம் கத்தவில்லை. கையை நீட்டி அவரை வேலிக்கு வெளியே போகச் சொல்லிவிட்டு, பந்தைக் கக்கத்தில் வைத்தபடி நின்றார். கீப்பர் மைதானத்தை விட்டு இறங்கும்வரை அப்படியே நின்றார்.

வேறு கீப்பர் இல்லை. ஒரு முன்வரிசை ஆட்டக்காரர் கையுறை மாட்டினார். அவர்கள் தோற்றுப்போனார்கள். கீழே இறங்கினார்கள்.

டிரெஸ்ஸிங் ரூம்

டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போகும் நடையோடையில் உள்ளூர்க் கிளப் தலைவர் என்னை மறித்தார்.

"நீரும் அவன்ர நாட்டுக்காரன்தானே? என்ன மார்க் போடப்போறீர் எண்டு எங்களுக்குத் தெரியும்."

அவரை விலகிக்கொண்டு நடந்தேன். ஆனால் அந்தச் சொல் எனக்குள் இறங்கிவிட்டது. கூட்டிப் போட்டால் சொந்தக்காரனுக்குப் போட்டேன் என்பார்கள். குறைத்துப் போட்டால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. நேர்மையானவன் என்ற பெயரும் கிடைக்கும். கதவைத் தட்டும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மரியநாயகம் பூட்ஸைக் கழற்றாமல் இருந்தார். லைன்ஸ்மன்கள் குளிக்கப் போயிருந்தார்கள். என்னைக் கண்டதும் தமிழில் கேட்டார்:

"அண்ணை, நான் பிழை விட்டிட்டனோ?"

கதவு திறந்திருந்தது, நடையோடையில் கிளப் ஆட்கள் நின்றார்கள். நான் ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "கீப்பரை ஏன் அனுப்பினீர் என்று முதலில் சொல்லும்."

அவர் முகம் வாடிவிட்டது. தமிழில் ஒரு சொல்லுக்காகத்தான் அவர் காத்திருந்திருப்பார். ஆனாலும் ஆங்கிலத்திலேயே விளக்கினார்.

"சரியா இருக்கிறீரோ எண்டு கேட்டன், ஓம் எண்டவர். ஃப்ரீ கிக்கை எடும் எண்டன். எந்தப் பக்கம் அடிக்கிறது எண்டு என்னைக் கேட்டவர். அவருக்குப் பின்னாலதான் கோல் போஸ்ட் நிண்டது."

ஸ்டாண்டிலிருந்து எனக்கு அது கேட்டிருக்க ஏலாது. நான் கண்டது தூக்கிய பெருவிரலை மட்டும்.

காயம் கடுமையானது என்று ரெஃபரி கருதினால் ஆட்டத்தை நிறுத்தி ஆளை வெளியேற்றலாம் என்பது விதி. கருத வேண்டியவர் ரெஃபரி. மனேஜரும் இல்லை, நானும் இல்லை. அதை அவருக்குச் சொன்னேன். முதல் பாதியில் இரண்டு தடவை பந்துக்கு மிகத் தூரத்தில் நின்றதையும் சொன்னேன். தலையாட்டினார்.

ஸ்டேஷனில் இருவரும் ஒரே ரயிலுக்குத்தான் நின்றோம். பிளாட்பாரத்தின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவர். கிளப் ஆட்களும் அங்கே நின்றார்கள். வேறு வேறு பெட்டியில் ஏறினோம். என் வேலையில் எனக்கு மிகவும் கனத்த பயணம் அதுதான்.

வீட்டில் மனைவி, "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "ஒரு பெடியனோட தமிழில கதைக்காமல் வந்திட்டன்" என்றேன். அறிக்கையை அன்றே எழுதி முடித்தேன். தூரத்தில் நின்றதற்குக் குறைத்தேன். கீப்பர் விஷயத்துக்கு நான் போடக்கூடிய மிக உயர்ந்த மார்க்கைப் போட்டேன். ஞாயிறு காலையில் தபாலில் சேர்த்தேன்.

பிறகு

திங்கட்கிழமை லீக் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். கீப்பருக்கு வீட்டில் வாந்தி எடுத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் தலைக்குள் இரத்தக் கசிவு என்று சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருந்தால், இன்னொரு பந்துக்குப் பாய்ந்திருந்தால், ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

கீப்பர் பிழைத்தார். மறுபடி ஆடவில்லை. உள்ளூர்க் கிளப் மரியநாயகத்துக்கு மிகக் குறைந்த மார்க்கை அனுப்பியிருந்தது; அதை மாற்றும்படி யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு அவர் மேலே போகவில்லை. அடுத்த ஆண்டு போனார். லீக் கூட்டம் ஒன்றில் அவரைக் கண்டபோது, "அண்டைக்கு ஏன் இங்கிலிஷில கதைச்சனான் எண்டு விளங்குதே?" என்று கேட்டேன். "ரயிலுக்கையே விளங்கீட்டுது, அண்ணை" என்றார்.

புதிய அசெசர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வேன். உயரத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் முழுவதும் தெரியும். ஆனால் எதுவும் காதில் விழாது. பேனாவை எடுக்குமுன் கீழே இறங்கிப் போய், பக்கத்தில் நின்றவரிடம் கேளுங்கள்.